பொழுது சாய்வதற்குள் ஓர் இட்லி

சென்னை
12.8.1986

அன்புள்ள அனந்தம்மாளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். மருந்து ஏறிய கை இன்னும் வீங்கியிருக்கிறது. இந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் வாத்தியாரிடம் எழுதக் கற்று இரண்டு மாதந்தான் ஆகிறது. ஆனாலும் இது முழுக்க நானே எழுதியது. நம் மகள் சக்ரேஸ்வரி படித்துக் காட்டட்டும். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

மூன்றாம் முறையும் மருந்து ஏற்றியாகிவிட்டது. உணவுக்குழாயில் உள்ள கட்டி முழுதும் போகாதாம். ஆனால் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டதாம். நேற்று மாலை டாக்டர், "இட்லி சாப்பிட்டுப் பாருங்க" என்றார். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஜல்தி கொண்டாம்மா, நாங்க ஜைனருங்க, பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம்" என்றேன் நர்ஸிடம்.

"மருந்து பாட்டிலையே பொழுது போனா நிறுத்தச் சொன்ன ஆளாச்சே நீங்க! கஞ்சியே எறங்காத தொண்டைக்கு இப்போ இன்னா அவசரம்?" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள்.

பாலில் ஊறிய இட்லி, நான்கு வாய். எங்கும் நிற்காமல் இறங்கிவிட்டது, அனந்தம்மா! வாத்தியார் கைதட்டினார்.

தலைமுடி கொட்டிவிட்டது, பயப்படாதே. பட்டுக்கடையில் லீவு கிடைத்து நம் மகன் புஷ்பதந்தன் இங்கே வந்தால் அவனிடம் ஒரு குல்லாய் கொடுத்தனுப்பு. முட்டி ஒத்துழைத்தால் ஆரணி பஸ்ஸில் நீயும் ஏறிவிடு. இங்கே இட்லியில் உப்பே இல்லை, சேர்ந்து குறை சொல்ல ஆளும் இல்லை.

கை வலிக்கிறது. அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் நீ வந்துவிட்டால், அதை நானே உனக்குப் படித்துக் காட்டுவேன்.

உன்,
ஜினசந்திரன்