ஷிம்லா ரெண்டாந்தரம் கேட்ட கேள்வி

கரைத்தீவு,
புத்தளம்.

அன்பு மகன் ஸஜீதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நான் இருக்கிறன், கட்டார்ல நீயும் சுகத்தோட இருக்க ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேக்கிறன். போனில கதைச்சா நடுவில அழுதிருவன் எண்டுதான் எழுதுறன்.

கம்பஸ்ல மனசைப் பத்திப் படிக்கிற ஷிம்லா எண்ட பிள்ளை இங்க வீடு வீடா வந்தா. மனசு ஆளை விட்டுட்டு எங்கயோ போயிடுற ஒரு நிலை இருக்காம், அதை அளக்கிறதுக்கு வெளிநாட்டுக் கேள்விகளைத் தமிழில ஆக்கி, எங்கட சனத்துக்குச் சரிவருதா எண்டு பாக்கிறாவாம். உங்கட உடம்பு உங்கடது இல்லாத மாதிரி இருக்கா எண்டு கேட்டா. ஓம், அது அல்லாஹ் எங்களிட்ட தந்து வச்ச அமானிதம்தானே எண்டன். பிள்ளைக்குச் சிரிப்பு வந்திட்டு. பக்கத்து வீட்டு ஹஃபீலாவும் அதையேதான் சொன்னாவாம், இந்தக் கேள்வியை மாத்தோணும் எண்டு பிள்ளை சொன்னா. ஒரு இடத்துக்கு எப்பிடி வந்தனீங்க எண்டு தெரியாம நிண்டிருக்கீங்களா எண்டதுக்கு மட்டும், அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு பட்டெண்டு சொல்லிட்டன். உம்மாக்குப் பைத்தியம் எண்டு கதை உன்ட காதுக்கு வந்திரும் எண்ட பயம்.

கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பவும் வந்து அதே கேள்விகளைக் கேட்டா. ஏன் புள்ள, நான் பொய் சொன்னன் எண்டு நினைச்சீங்களா எண்டன். இல்லை உம்மா, நாங்க சோதிக்கிறது உங்களை இல்லை, கேள்வியை, ஒரே ஆள் ரெண்டு தரமும் ஒரே பதில் சொல்லுறாங்களா எண்டு பாக்கிறம் எண்டா. முதல் சொன்ன பொய்யைத் திரும்பச் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு மகன். உன்ட வாப்பா மவுத்தாகி அடக்கின பிறகு, அடுப்பில சோறு கருகும், நான் களப்புக் கரையில நிப்பன், ஹஃபீலா வந்து தோளை உலுப்பினாத்தான் எனக்கு நினைவு வரும். தொண்ணூறில முஸ்லிம் சனத்தை எல்லாம் வெளியேத்தின நேரம் மன்னாரில இருந்து வள்ளத்தில வந்ததும் அப்பிடித்தான், ஏறினது தெரியும், இறங்கினது இண்டைக்கும் தெரியாது. எல்லாத்தையும் சொன்னன். என்னால உங்கட கணக்குப் பிழைச்சிட்டா எண்டும் கேட்டன். பிள்ளை பேனையை வச்சிட்டு என்ட கையைப் பிடிச்சா. இப்பிடி நிறையப் பேருக்கு இருக்கு, இது பைத்தியம் இல்லை, கதைக்க டொக்டர் இருக்கிறா எண்டா. வாற வியாழக்கிழமை ஹஃபீலாவோட சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போறன். நீ பயந்து லீவு போட்டு ஓடி வராத.

ஷிம்லாட வேலை முடிஞ்சிட்டாம், இனி வரமாட்டா. அவ போன பிறகு வாசல் கதவைச் சாத்தவே மனசு வரல்ல. வாப்பாக்குப் பிறகு என்னட்ட இவ்வளவு கேள்வி ஒருத்தரும் கேக்கல்ல.

வெயிலில தொப்பி போடு, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னை எந்த முஸீபத்தும் அண்டாமக் காப்பாத்தட்டும். நீ போன் எடுக்கிற நேரம் சுகமா உம்மா, சாப்பிட்டீங்களா எண்டு கேட்டிட்டு வைக்கிறாய். மறக்காம இன்னும் ஏதாவது கேள், மகன். என்னவெண்டாலும் பரவாயில்லை.

உன்ட உம்மா,
உம்மு குல்சூம்