சாரத்தில் ஏற மறுத்தவர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் கம்பெனி முறிக்கப் பார்த்த எலும்புகள் உட்பட. உன் சுகத்தை நீ சொன்னால்தான் தெரியும். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், காகிதம் உன் மீட்டிங் முடியும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். உன் தங்கை குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறது, மாப்பிள்ளை விரலையும் சேர்த்து.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உன் கம்பெனி இங்கே ஆள் எடுக்க வந்தது. கடலுக்கு மேலே பாலம் கட்டுகிறீர்களாம், வெல்டர், கொத்தனார், சாரம் கட்டுகிறவர் எல்லாம் வேண்டுமாம். உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஐம்பத்தேழு வயதில் என்ன கடல், என்ன பாலம் என்று கேட்டேன். ‘பையன் அங்கதானே இருக்கான், ஞாயித்துக்கிழமையாவது மூஞ்சியப் பாக்கலாம்ல’ என்றார். அப்படியானால் ஆள் எடுக்கும் அதிகாரியே நம் மகன்தானே, அவனிடமே சொல்லுங்கள் என்றேன். ‘மகன் பேரச் சொல்லி உள்ள போனா, அப்புறம் சாரத்துல நிக்கையில கால் கூசும்’ என்றார். இந்த ரோஷம் உனக்கு வந்ததோ என்னவோ, பிடிவாதம் மட்டும் அப்படியே வந்திருக்கிறது.

பள்ளி மைதானத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தானாம், அவன் ஷூவில் ஒரு துளி சிமென்ட் பட்டதில்லையாம். ‘அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள நீங்க எங்க பாக்குறீங்க’ என்று கேட்டானாம். ‘கண்ணாடியிலதான் தம்பி, வேற எங்க பாக்குறது’ என்றாராம் அப்பா. முப்பத்து நாலு வருடம் சாரம் கட்டிய வேலைக்குச் சான்றிதழ் கேட்டிருக்கிறான், இவர் உள்ளங்கையை விரித்துக் காட்டியிருக்கிறார். அதை ஸ்கேன் பண்ண முடியாது என்றுவிட்டானாம். அடுத்தது செய்முறைத் தேர்வு. முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்த மண்ணில் இரும்புக் குழாய்ச் சாரம் ஒன்றை நிறுத்தி, ஏறி உச்சியில் ஒரு குழாயைப் பூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ‘சாரத்துக் காலுக்கு அடியில பலகை இல்ல, குறுக்குக் கட்டு ஒரு பக்கம்தான் இருக்கு, இதுல நான் ஏறமாட்டேன்’ என்றிருக்கிறார். ஏறுவதுதான் தேர்வு என்றானாம் அந்தத் தம்பி. அப்படியானால் நீங்கள் ஏறிக் காட்டுங்கள் என்றிருக்கிறார் இவர். அவன் ஏறவில்லை, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான்.

அடுத்து ஏறியது எதிர்வீட்டுக்காரன், தெருவே ‘பவுடர்’ என்று கூப்பிடுமே, அவன். கொடிக்கயிறு கட்டத் தெரியாது, கையில் சான்றிதழ் மட்டும் பளபளவென்று இருந்தது. பாதி உயரம் போனதும் சாரத்தின் ஒரு கால் மண்ணில் இறங்கி முழுச் சாரமும் சாயத் தொடங்கிவிட்டது. அவன் அலறியது எனக்கு வீட்டிலேயே கேட்டது. அப்பாதான் ஓடிப்போய் இரண்டு கொத்தனார்களோடு முட்டுக் கொடுத்து, ‘அசையாத, மூச்ச மட்டும் விடு, இப்ப இடது கால எடு’ என்று குழந்தைக்கு நடை பழக்குவதுபோல் அவனை இறக்கியிருக்கிறார். அவன் இறங்கி எல்லோரும் விலகியதும் சாரம் போய் அந்தத் தம்பியின் மேசையில் உட்கார்ந்துவிட்டது, கம்ப்யூட்டர் சப்பை. மனிதர்களுக்கு ஆபத்தில்லை, அப்பா தோளில் மட்டும் ஒரு சிராய்ப்பு, ஆறிவிட்டது.

ஒன்பதாம் நாள் எங்கள் தெருவுக்கு இரண்டு கடிதம் வந்தது. பவுடர் துணிச்சலாகச் செயல்பட்டதால் அவனுக்கு வேலை. அப்பா உத்தரவுக்குப் பணியாததால் அவருக்கு இல்லை, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. கீழே உன் கையெழுத்து. மூன்று வருடத்தில் நீ அவருக்கு அனுப்பிய முதல் கடிதம் அது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ‘கையெழுத்து நல்லாயிடுச்சு, முன்னெல்லாம் கோழி கிளறின மாதிரி போடுவான்’ என்றார். அன்று சரியாகச் சாப்பிடவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாதாம், சங்கடப்படுவாயாம். சொல்லவில்லை, எழுதுகிறேன்.

முட்டுக் கொடுத்த கொத்தனார் ஒருவர் மைதானத்தில் நடந்ததை இங்கே ஆஸ்பத்திரி கட்டும் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார். அவர் வீடு தேடி வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார், சாரம் கட்ட வருகிறவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இப்போது இவர் வேலை. அதாவது உன் வேலை. குழாய்களைப் பூட்டும் கிளாம்ப் ஒன்றை வேண்டுமென்றே தளர்த்தி வைத்துவிட்டு ஏறச் சொல்கிறாராம், கேள்வி கேட்காமல் காலை வைக்கிறவனைத் தடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார், மாட்டேன் என்கிறவனை எடுத்துக்கொள்கிறார்.

பவுடர் அடுத்த வாரம் அங்கே வந்து இறங்குகிறான். அவனை உயரத்தில் ஏற்றாதே, தரையில் ஏதாவது வேலை கொடு, உன் கையெழுத்தால் எதிர்வீட்டில் ஒரு தாய் அழக் கூடாது. வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபமெல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பது ஆசீர்வாதம்தான், நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இரு. அப்பாவுக்கு ஒரு கடிதம் போடு. அச்சடித்தது வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா