உங்களுக்காக நான் சொன்ன பதில்

மதினி,

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் என் விரல் காயத்துக்குக் கட்டுப்போட நர்ஸ் புதுச் சுருளைப் பிரித்தார். வெளுத்த துணியின் அந்த வாசனை வந்ததும் உங்கள் முந்தானைதான் நினைவுக்கு வந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் உங்கள்மீது அதே வாசனை இருக்கும். கட்டுப்போட்ட பிறகும் எழுந்திருக்காமல் இருந்தேன். வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டார்.

ராஜபாளையத்தில் நம் பேண்டேஜ் துணி கம்பெனியில் ஒன்பது வருடம் ஒரே செக்கிங் மேஜையின் இரு பக்கமும் நின்றோம். துணியை இழுத்துவிட்டு, அறுந்த இழையைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதும் வேலை. எனக்குத் தப்பியது உங்கள் கண்ணில் படும். யாரிடமும் சொல்லாமல் அதை என் பக்கம் மெல்லத் தள்ளிவிடுவீர்கள்.

அண்ணன் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் வேலைக்குத் திரும்பினீர்கள். அதே வாரம்தான் நோட்டை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். நம் மேஜைக்கு இனி ஒருவர் போதும்; மற்றவர் பேக்கிங்குக்குப் போகவேண்டும். அந்த மற்றவர் நானாகிவிடுவேனோ என்று பயந்தேன். நீங்கள் பஸ்ஸில் நிதானமாகத்தான் பேசினீர்கள்.

“நான் அதைப் படிச்சிக்கிடுதேன் ஏட்டி. புதுசா ஒண்ணுல புத்தி போனா, வீட்டு நெனப்பு செத்த நேரம் விலகி நிக்கும்லா.”

மறுநாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். துக்கத்தில் இருக்கிறவருக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தெம்பு இருக்குமா என்று கேட்டார். நீங்கள் சொன்னது காதில் அப்படியே இருந்தது.

“அவிய எதுலயும் மனசு ஒட்டாம இருக்காவ சார். கொஞ்ச நாள் போகட்டும்,” என்றேன்.

அக்கறைபோல ஒலித்தது. அப்படி ஒலிக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

உங்களைப் பேக்கிங்குக்கு மாற்றிய அன்று என்னைத் தேடி வந்தீர்கள். அழுதது நான்தான். என் முதுகைத் தடவி, நீயாவது அங்கே இருக்கிறாயே, அது போதும் என்றீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக மறுவாரமே ஒரு பஸ் முந்திப் போக ஆரம்பித்தேன். வீட்டில் வேலை என்று ஏதோ காரணம் சொன்னேன். புருஷனை இழந்து ஆறு வாரம்கூட ஆகாத உங்களுக்கு, அந்தப் பஸ் பேச்சும் இல்லாமல் போயிற்று.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து போனைக் காட்டினீர்கள். மகள் சொல்லிக்கொடுத்து, கட்டம் கட்டமாக நீங்களே அடித்த பட்டியல். துணியின் நம்பர் ஒரு பக்கம், குறை ஒரு பக்கம். மறுபடி ஆள் கேட்டால் என் பெயரைச் சொல் என்றீர்கள். சரி என்றேன். தையில் செக்கிங்கில் ஓர் இடம் காலியானது. உங்கள் பெயரை எடுத்தால் நான் முன்பு சொன்னதும் வெளியே வந்துவிடும் என்று வாய் திறக்கவில்லை. மாசியில் நெஞ்சுவலி வந்து நீங்களும் போய்விட்டீர்கள்.

போன மாதம்தான் உங்கள் மகளைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அம்மா இருந்தா ஏசிட்டு, பொறவு சோறு போட்டிருப்பாவ. எனக்கு அம்புட்டு மனசு இல்ல அத்தே,” என்றாள்.

மன்னிப்பு வாங்கத்தான் போயிருக்கிறேன் என்பது, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் எனக்கே விளங்கியது.

இப்போது செக்கிங் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பிரசவம் முடிந்து திரும்பிய ஒரு பெண்ணால் புது மிஷினில் வேலை செய்ய முடியுமா என்று போன வாரம் மேனேஜர் என்னிடம் கேட்டார். அவளையே கேளுங்கள் சார் என்று சொல்லிவிட்டு, கூப்பிட எழுந்து போனேன். மேனேஜர் அறையிலிருந்து மேஜைவரை பத்தடி இருக்கும், மதினி. அன்றைக்கும் அவ்வளவு தூரம்தான்.