பெட்டி மேல் எழுதிய முகவரி

வினிபெக்
23 ஜனவரி 2016

என் அன்பு மகள் லீசெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். ஒரு வருடமாகப் போனில் இதையேதான் சொன்னேன், இன்றுதான் அது உண்மை. இலோய்லோவில் நீயும் மாமாவும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். பெட்டி கப்பலில் வந்து சேர இரண்டு மாதமாகும், அதற்குள் உன் நர்சிங் பரீட்சை முடிந்திருக்கும். கடிதத்தைத் துவாலைகளுக்கு மேலே வைக்கிறேன், மூடியைத் திறந்ததும் கையில் படட்டும்.

அனுப்புநர் முகவரி மாறியிருப்பதை முதலிலேயே பார்த்திருப்பாய், உன் கண் அப்படி. அது மெர்லி அக்கா வீடு. முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவள், நம் ஊர்ப்பக்கம்தான். அவள் வீட்டு பேஸ்மென்ட்டில் குடியிருக்கிறேன். நான் மறுமணம் செய்துகொண்ட எஃப்ரெனை விட்டு வந்து ஒரு வருடமாகிறது, மகளே. நீ "அங்கிள் எங்கம்மா, குடு, ஒரு ஹலோ சொல்றேன்" என்று கேட்டபோதெல்லாம் டூட்டியில் இருக்கிறார் என்றேனே, அத்தனையும் பொய். நான் விமானம் ஏறிய அன்று "இனியாவது உனக்குன்னு ஒரு துணை இருக்கட்டும்மா" என்று சொல்லி அனுப்பியவள் நீ. உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அந்த வீட்டுச் சாவியைக்கூட அவர் எனக்குத் தந்ததில்லை. வாய் திறந்தால், "நான் கூட்டிட்டு வந்தவ நீ, ஒரு போன் போட்டேன்னா அடுத்த பிளேன்ல ஏத்திடுவாங்க" என்பார். அதில் பாதி உண்மை, அதுதான் பயம். கணவன் ஸ்பான்சர் செய்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை முதல் இரண்டு வருடம் நிபந்தனையோடுதான். சேர்ந்து வாழ வேண்டும், பிரிந்தால் பறிக்கலாம். கொடுமை தாங்காமல் பிரிந்தவளுக்கு விலக்கு உண்டு என்ற மறுபாதியை அவர் சொல்லவில்லை. காலேஜ் படித்தவள் நான், தேடியும் பார்க்கவில்லை. பயந்தவளுக்குப் படிப்பு உதவாது போலிருக்கிறது. பதினாறு மாதம் இருந்தேன். போன ஜனவரியில் ஒரு மாலை, சோறு குழைந்துவிட்டதென்று வீட்டுச் செருப்போடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். மைனஸ் முப்பது. ஏப்ரன் பையில் போன் இருந்ததால் பிழைத்தேன். காரோடு வந்த மெர்லி அக்கா வழியெல்லாம் திட்டினாள், "செத்துப்போனா அந்த பி.ஆர். கார்டை வெச்சு என்னடி பண்ணுவே?" என்று.

அவளே ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள், விலக்குக் கேட்டு எழுதினோம். எஃப்ரென் சும்மா இருப்பாரா? ஜூன் வரை தன்னோடுதான் ஒழுங்காகக் குடித்தனம் செய்தேன், பிறகு காரியம் முடிந்ததும் ஓடிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். கால்விரல்கள் உறைந்ததற்கு கிளினிக் சீட்டு இருந்தது, அதற்கு அவர், அடுத்த நாளே திரும்பி வந்துவிட்டாள் என்றார். இங்கேதான் உன் அம்மா ஒரு முட்டாள்தனம் செய்திருந்தாள். மார்ச்சிலும் ஜூனிலும் உனக்குப் பெட்டி அனுப்பினேன் அல்லவா, நீ சந்தேகப்படக் கூடாதென்று இரண்டிலும் அவர் வீட்டு முகவரியையே எழுதினேன். வக்கீலம்மா இருக்கிற காகிதமெல்லாம் கொண்டுவரச் சொன்னபோது அந்த ரசீதுகளையும் யோசிக்காமல் சேர்த்துக் கொடுத்தேன். விசாரணையில் அதிகாரி அவற்றை என் மனுவுக்குப் பக்கத்தில் வைத்து, ஜனவரியில் வெளியேறியவர் ஜூனில் அதே வீட்டிலிருந்து எப்படிப் பெட்டி அனுப்பினீர்கள் என்று கேட்டார். என் கையெழுத்தே எனக்கு எதிர்சாட்சி. பதில் கொண்டுவர மூன்று வாரம் தந்தார். அந்த மூன்று வாரமும் உன்னோடு போனில் சிரித்துப் பேசினேன், எப்படிப் பேசினேனோ.

காப்பாற்றியது ரோடெல் அண்ணன், கப்பல் கம்பெனிக்காக வீடு வீடாக வந்து பெட்டி எடுப்பவர். முட்டிவலிக்காரர், எந்த வீட்டில் எத்தனை படி என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பார். "மார்ச் 7, மெர்லி வீடு, பேஸ்மென்ட், பதினோரு படி, தெல்மா பெட்டி, பயங்கர கனம்." ஜூனில், "அதே பதினோரு படி, இவள் திருந்தமாட்டாள்." நோட்டோடு தானே அதிகாரி முன் வந்து, "இந்தப் பொம்பளைங்க பெட்டி மேல எழுதுற அட்ரஸ் மானத்துக்கு, மேடம். நான் எழுதுறது என் முட்டிக்கு. இப்படிப் பழைய வீட்டையே எழுதுறவங்க இந்த ஊர்ல இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்காங்க" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் நோட்டை வாங்கி இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. விலக்கு தந்துவிட்டார்கள். என்னை யாரும் அனுப்ப முடியாது. மெர்லி அக்கா வாசித்துவிட்டு, "இனிமேலாவது தூக்கத்துல புலம்பாம இரு, மேல எனக்குக் கேக்குது" என்றாள். ஒரு வருடம் கேட்டிருக்கிறாள், ஒரு நாள் காட்டிக்கொண்டதில்லை. வீட்டுச் சாவி ஒன்றை முதல் நாளே என் கையில் வைத்தவள் அவள். ரோடெல் அண்ணனுக்குப் பான்சித் நூடுல்ஸ் செய்து கொண்டுபோனேன், "நன்றியெல்லாம் வேணாம், அடுத்த பெட்டியை லேசா கட்டு" என்றார். கட்ட முடியவில்லை, பார்க்கிறாயே. என் மேல் கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் உனக்கு ஒரு கஷ்டம் வந்தால் என்னைப் போல மறைக்காதே.

டின்களில் பாதியை மாமாவுக்குக் கொடு, சாக்லேட்டை ஒளித்து வை. வெள்ளை ஷூ உன் டூட்டிக்கு. கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், போன் வேண்டாம், பெட்டியின் மேலிருக்கும் இந்த முகவரியை உன் கையால் உறையில் எழுதி எனக்கு ஒரு கடிதம் போடு.

உன் அம்மா,
தெல்மா
மெர்லி வீடு, பேஸ்மென்ட், பதினோரு படி