கங்குச் சட்டியை வெளியே வை

முசாபரி பங்களா, ஏற்காடு
1918, தை மாதம் 9ஆம் தேதி

அன்பு மகன் ஐயாக்கண்ணுக்கு அப்பன் பொன்னுவேல் எழுதுவது. நானும் உன் ஆத்தாளும் தங்கை வீராயியும் சேர்வராயன் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை விசாரிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய் கண்ணு. நீ படுக்கிற அறையில் கங்குச் சட்டி இருந்தால் இப்பொழுதே தூக்கி வெளியே வை. வாசலில் கட்டிய கம்பளியை அவிழ்த்துவிடு. அதன் பிறகு வந்து மிச்சத்தைப் படி.

செய்துவிட்டாயா? நீ கார்த்திகை 18இல் எழுதிய கடிதம் போன வாரம்தான் வந்தது. பாரசீகத்தில் முழங்கால் மட்டும் பனி விழுகிறது, பட்டாளத்துக் கோவேறு கழுதைகளோடு சராய் என்கிற பழைய வழிப்போக்கர் சத்திரத்தில் தங்கியிருக்கிறோம், நடுவில் முற்றம், சுற்றிலும் கனத்த மண் அறைகள், ஒன்றில் நானும் வாழவந்தி ஊர்ச் சித்தனும் இன்னும் இரண்டு பேரும் என்று எழுதியிருந்தாய். அப்பா சொன்னபடியே கங்கெடுத்துச் சட்டியில் போட்டு நடுவில் வைத்து, வாசலைக் கம்பளியால் மூடி, கூரையில் இருந்த புகைத் துவாரத்தையும் கோணியால் அடைத்துவிட்டோம், நம் ஊட்டில் இருப்பது மாதிரியே கதகதப்பு என்றும் எழுதியிருந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பங்களா வழியாகப் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி வாசித்துக் காட்டினேன். கடைசியில் இருந்த ஒரு வரியை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் தலை பாரமாக இருக்கிறது, சித்தனுக்கு இரண்டு நாளாக வாந்தி, இந்த ஊர்த் தண்ணீர் சேரவில்லை போல என்று எழுதியிருந்தாயே, அது. தண்ணி மாறுனா அப்படித்தான் இருக்கும் புள்ள என்று உன் ஆத்தாளுக்கும் சமாதானம் சொன்னேன்.

பங்களாவில் மூன்று வாரமாக ஒரு வயதான துரைசாணி தங்கியிருக்கிறார். நன்றாகத் தமிழ் பேசுவார். மகன் பாரசீகத்தில் இருக்கிறான் என்று சொன்னதும், அந்தத் தேசத்துக்குப் போய்வந்த வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, காலைக் காப்பி ஆனதும் இரண்டிரண்டு பக்கமாகத் தமிழில் சொல்லிவந்தார். முக்கால்வாசி சராய்களைப் பற்றிய புலம்பல்தான். தேள், தெள்ளுப்பூச்சி, ஒட்டகச் சாணி, கதவில்லாத அறை, தொட்டித் தண்ணீரில் புழு. எனக்குப் பயமே வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பங்களாவில் சமைத்துப் போட்டு, கிளம்புகிற துரைமாரிடம் புகார்ப் புத்தகத்தை நீட்டுகிறவன் நான். நம் பூனையைப் பார்த்துவிட்டுச் சிறுத்தை வந்தது என்று எழுதியவர் உண்டு. மூன்று தரம் சூப்பு வாங்கிக் குடித்துவிட்டுப் பட்டினி கிடந்தேன் என்று எழுதியவரும் உண்டு. அதனால் புத்தகத்தில் உள்ளதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்டேன்.

முந்தாநாள் படித்தது புகார் இல்லை. ஒரு பிரயாணி மலைமேல் ஒரு சராயில் பனியில் மாட்டிக்கொள்கிறான். அவன் அறையில் ஈர விறகு புகைந்து கண்ணைக் கரிக்க, திட்டிக்கொண்டே வாசலில் உட்கார்ந்து விடியும்வரை நடுங்கியிருக்கிறான். அடுத்த அறையில் கழுதைக்காரர்கள் மூன்று பேர் புகையில்லாத கரிக்கங்கை வைத்துக்கொண்டு வாசலை அடைத்துப் படுத்தார்களாம், அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது என்று எழுதியிருக்கிறான். காலையில் அந்த மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. காயம் இல்லை, ரத்தம் இல்லை, நன்றாகத் தூங்கினவர்கள் மாதிரி முகம் சிவந்திருந்ததாம். சத்திரத்துக் காவல்காரன், குளிர்காலம் வந்தால் இப்படி நடக்கிறதுதான் என்றானாம். துரைசாணி அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஏனுங்கம்மா, அதை இன்னொருக்கா படிங்க என்றேன். நான் காப்பிக் கோப்பையை எடுக்காமல் அங்கேயே நிற்பதைப் பார்த்து என்ன சங்கதி என்று கேட்டார். உன் கடிதத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூடின அறையில் கங்கு விஷம், அதற்குப் புகையும் கிடையாது வாசனையும் கிடையாது, தலை பாரமும் வாந்தியும்தான் முதல் அடையாளம், உடனே எழுது என்றார்.

நம் ஊடு மூங்கில் தட்டியும் புல் கூரையும். எவ்வளவு அடைத்தாலும் நூறு சந்தில் காற்று வரும். அதனால்தான் இத்தனை காலம் கங்குச் சட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியும் நமக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தெரியாமல் சேலம் ஸ்டேஷனில் உன்னிடம் நான்தான் சொன்னேன், குளுரு நொம்ப இருக்குமாம் கண்ணு, கங்கெடுத்து வெச்சுக்கிட்டுச் சந்துபொந்தெல்லாம் அடைச்சுப்போடு என்று. பலா மரத்தில் ஏறாதே என்றேன், ஏறிக் கையை ஒடித்துக்கொண்டாய். பட்டாளத்துக்குப் போகாதே என்றேன், பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். பிறந்தது முதல் நான் சொன்ன எதையும் கேட்காதவன், இதை மட்டும் ஏனடா கேட்டாய்?

தபாலாபீசில் தந்தி அடிக்கக் கேட்டேன். சண்டை நடக்கிற திக்குக்கு நம்மைப் போன்றவர்களின் தந்தி போகாது, கடிதம்தான் என்றார்கள். நீ எழுதி ஐம்பது நாள் ஆகிறது. இது வந்து சேர இன்னும் ஆறு வாரம். வாழவந்திக்குப் போய்ச் சித்தனின் அப்பன் பெரியண்ணனிடம் சொல்ல வேண்டும், இரண்டு தரம் பாதி வழி போய்த் திரும்பிவிட்டேன். சித்தன் பிடிவாதக்காரன், குளிர்கிறது என்று சட்டியை மறுபடி உள்ளே இழுப்பான், விடாதே. முற்றத்தில் தீ மூட்டிக் காய்ந்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். குளிர் தாங்காவிட்டால் கழுதைகளுக்கு நடுவில் போய்ப் படுங்கள், நாற்றத்தில் யாரும் செத்ததில்லை. வீராயியை வெள்ளக்கடை ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள், அண்ணன் வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் ஆத்தாளிடம் நேற்றுத்தான் சொன்னேன். நம் ஊட்டுக் கங்குச் சட்டியைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தாள். கதவைத் திறந்து, யாரும் சாத்த முடியாதபடி அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்தாள். எஞ்சாமி தொறந்துட்டேன்னு எழுதற வரைக்கும் இந்தக் கதவும் சாத்தப்படாது என்கிறாள். பனிமூட்டம் உள்ளே வருகிறது, வீராயி இருமுகிறாள். என் கம்பளியையும் அவளுக்கே போர்த்திவிட்டேன்.

சேர்வராயன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும். உனக்கும் சித்தனுக்கும் கூட இருக்கிறவர்களுக்கும் ஆயுசு கெட்டியாக இருக்கட்டும். பதில் போட மறக்காதே, நீளமாகவும் வேண்டாம். அப்பா, சேலத்தில் நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை என்று ஒரே ஒரு வரி எழுது சாமி.

கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்
உன் அப்பன்
பொன்னுவேல்