சுவரோரம் நின்றவளுக்கு

இன்று காலை நம் ஹோட்டல் அறைச் சாவிகளைக் கூடையில் அடுக்கிக் கடுகண்ணாவைக்கு அனுப்பினேன். கண்டியில் பெரஹரா ஊர்வலம் தொடங்கிவிட்டது. சாவிகள் கலகலக்கிற சத்தம் கேட்டதும், "பார்த்தீங்களாக்கா?" என்று நீ பக்கத்தில் நின்று கேட்பது போலிருந்தது. அந்தப் பாழாய்ப்போன நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு வருகிற முதல் பெரஹரா இது. அழுவேன் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது.

வரவேற்பு மேசையில் நீ ஒரு சிங்கம். மூன்று மொழியிலும் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுவாய். கத்திக்கொண்டு வருகிற விருந்தினர் உன்னிடம் நன்றி சொல்லிவிட்டுப் போவார். ஆனால் மனேஜர் கூட்டிய கூட்டமென்றால் போதும், கதிரை காலியாகக் கிடந்தாலும் சுவரோடு ஒட்டி நிற்பாய்.

"ஏனடி நிக்கிறாய்? வந்து இரன்," என்பேன்.

"இருக்கட்டும்க்கா. பெரியவங்க முன்னுக்கு உட்கார்ந்தா எனக்கு வாயே வராது."

பன்வில தேயிலைத் தோட்டத்தில் உன் அப்பா துரையின் ஆபீஸ் வாசலில் நின்றே பேசியவர். உனக்கு அது மரியாதை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கோ கதிரையைக் கண்டால் இருக்கத்தான் தெரியும். என்னை முதன்முதலில் பார்த்தபோது, "கால்மேல கால் போட்டிருக்காங்களே, சரியான திமிர் புடிச்சவங்கனு நெனச்சேன்" என்று பிறகொருநாள் சொன்னாய். போடி, நீயும் லேசுப்பட்டவளில்லை.

வரவேற்புப் பகுதிக்குப் பொறுப்பாளர் தேவைப்பட்டார். அந்தப் பதவியில் நீ உயிரையே வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். மனேஜர் நல்ல மனிதர்தான், கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் அவர், அறைப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "நல்ல புள்ள. ஆனா பொறுப்பு எடுக்க ஏலா. கூட்டத்துல சுவரப் புடிச்சிட்டு நிக்கிற புள்ள எப்படி நாலு பேர நடத்தும்? கொழும்புல இருந்து ஒராளக் கொண்டு வருவம்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரஹரா நாட்களில் பாதையை மூடுமுன் சுற்றுலா பஸ்களெல்லாம் ஒன்றாக வந்து சேரும், மண்டபம் சந்தையாகிவிடும். அதற்கு வழி சொன்னவளே நீதான். "பஸ் கடுகண்ணாவையில டீ குடிக்க நிக்கும்ல, அங்கயே நம்ம ஆள் ஏறி விபரத்த எழுதிட்டு சாவியக் குடுத்திடலாம்," என்று முந்திய கூட்டத்தில் சொன்னாய். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இவள் சொல்வதைக் கேளுங்கள் என்று நான் சொன்னதும் காற்றோடு போயிற்று.

"நாளைக்கு நீ என்ர கதிரையில இரு. நான் சுவரோட நிக்கிறன்," என்றேன்.

"ஐயோ, விளையாட்டு வேணாம்க்கா!"

"உனக்கு அந்த வேலை வேணுமோ, வேண்டாமோ?"

"வேணும்," என்றாய்.

மறுநாள் கைகளைக் கட்டிக்கொண்டு நான் சுவரோரம் நின்றேன். உன் யோசனையை ஒரு சொல் மாறாமல் சொன்னேன். மனேஜர் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்ம், பொறகு பார்ப்பம்," என்றார். சமையலறைப் பொறுப்பாளர் என்னைப் பார்த்து, "அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி விடுங்க," என்றார்! ஊருக்கே கேட்கப் பேசுகிற நான், அங்கே நின்றதும் எனக்கே கேளாத குரலில்தான் பேசியிருக்கிறேன். நம்மை எப்படிப் பார்க்கிறார்களோ, அப்படியே ஆகிவிடுகிறோமடி. அதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

பிறகு நீ வாயைத் திறந்தாய். கதிரையின் நுனியில்தான் இருந்தாய், குரலும் நடுங்கியது. ஆனாலும் அதே யோசனை. மனேஜர் தொலைபேசியைக் கீழே வைத்தார்.

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னாய். இந்த முறை நடுங்கவில்லை.

"மாஷா அல்லாஹ்! இவ்வளவு நாளும் இத ஏன் சொல்லல்ல?"

எனக்கு அடக்க முடியவில்லை. "சேர், இப்பதானே நான் சொன்னனான்! போன கூட்டத்தில இவள் சொன்னவள்! சுவரோரம் நிண்டு சொன்னால் உங்கள் ஒருத்தருக்கும் காது கேளாதோ?"

சமையலறைக்காரர்தான் முதலில் சிரித்தார். மனேஜர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "அப்ப பிழை எங்கட காதுல," என்றார். "இந்தப் பெரஹராக்கு நீங்கதான் பொறுப்பு, தங்கச்சி. செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினாயே! பஸ்ஸால் இறங்கியவர்கள் சாவியும் கையுமாக நேரே அறைக்குப் போனார்கள். வெறும் மண்டபத்தைப் பார்த்த மனேஜர், விருந்தினரே வரவில்லையோ என்று பதறி ஓடிவந்தார். நாம் இருவரும் மேசைக்குக் கீழே குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். பெரஹரா முடிவதற்குள் பதவி உன்னுடையதாயிற்று.

அதன்பின் வந்த முதல் கூட்டத்தில் உனக்கென்று நடுவில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். நீ அதில் இருக்கவில்லை. நேரே அந்தச் சுவரோரம் போய் நின்றாய். நான் தலையில் கைவைத்துவிட்டேன்.

"எனக்கு நின்னாத்தான் பேச வரும், சேர்," என்றாய். குரலில் துளி நடுக்கமில்லை.

மனேஜர் எழும்பித் தன் கதிரையை உன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார். பிறகு ஒவ்வொருவராக நாங்கள் எல்லோரும் திருப்பினோம்.

இப்போது மனேஜர் கதிரையில் இருந்து கூட்டங்களை நடத்துகிறவள் நான். வாய்க்காரர் பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, பேசாமல் இருப்பவரின் பக்கமாகத் திரும்பி இருப்பேன். உன் அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கிறதடி.