இருளென்று நீங்கள் சொன்ன வீடு

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
1912

என் அகத்துக்காரருக்கு நமஸ்காரம்.

நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற சேதி வந்ததும், உயிரோடிருக்கும் பிள்ளைக்குக் கர்மம் பண்ணித் தலைமுழுகிவிட்டார் உங்கள் அப்பா. “அவன் செத்தாச்சு, குங்குமத்தை அழிச்சுடுடீ” என்றார் உங்கள் அம்மா. மாட்டேன் என்றேன்.

இருளை விட்டு வெளிச்சத்துக்கு வரச்சொல்லி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய வேதாகமத்தின் முதல் பக்கத்தைப் படித்தேன். எங்கும் இருளாயிருந்தபோது உங்கள் தேவன் ஓடிப்போகவில்லை. அங்கேயே இருந்துதான் வெளிச்சத்தை உண்டாக்கினார். நீங்களோ என்னை விட்டுவிட்டு ஓடினீர்கள்.

நான் மதம் மாறமாட்டேன். தாலியையும் கழற்றமாட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் விளக்கேற்றி வைத்து நிற்பேன். தெருவே பார்க்க வந்து என்னெதிரே நில்லுங்கள். வெளிச்சம் கண்ட உங்களுக்கு வழி தெரியாமலா போகும்?

இன்னும் குங்குமம் அழிக்காத,
தங்கள் மனைவி